‘அல்லது வங்காளம்’

அப்பா விட்டுச்சென்ற பொருள்களில் ஒரு தபால்தலை ஆல்பம் இருக்கிறது. அட்டை பிய்ந்து, பக்கங்கள் பழுத்து, பாதித் தபால்தலைகள் பசை விட்டு உதிர்ந்து கிடக்கும். பாகிஸ்தான் பக்கத்தில் இருக்கும் தலைகளில் மூன்று எழுத்துகள் தெரியும். ஆங்கிலம், உருது, அப்புறம் தலைக்கோடு போட்ட இன்னோர் எழுத்து. சின்ன வயதில் அதை இந்தி என்றே நினைத்திருந்தேன். பாகிஸ்தான்காரர்கள் எதற்கு இந்தியில் எழுதுகிறார்கள் என்று அப்பாவிடம் கேட்டேன். “அது பெங்காலிடா. அப்போ பங்களாதேஷும் அவங்களோடதான் இருந்துச்சு” என்றார். நானும் சரி என்று அதோடு விட்டுவிட்டேன்.

பாகிஸ்தான் தனியாக அச்சடித்த முதல் தபால்தலைகளில் அந்த மூன்றாவது எழுத்து கிடையாது என்பது எனக்குத் தெரிந்தது ரொம்ப வருடங்கள் கழித்துத்தான். அது பிறகு வந்து சேர்ந்த எழுத்து. எப்படி வந்தது என்று தேடப் போனால், கராச்சியில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில் 1948 பிப்ரவரி 25 அன்று நடந்த ஒரு விவாதத்தில் போய் நிற்கிறோம். அங்கே அறுபத்தோரு வயது வக்கீல் ஒருவர் எழுந்து, அவை விதிகளில் இரண்டே இரண்டு சொல் சேர்க்கவேண்டும் என்று கேட்கிறார். அவர் பெயர் தீரேந்திரநாத் தத்தா.

பாகிஸ்தான் அரசியல்வாதி என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருகிற முகங்கள் வேறு. ஜின்னா, பூட்டோ, பேநசீர், நவாஸ், இம்ரான். அந்த வரிசையில் ஓர் இந்து, அதுவும் காங்கிரஸ்காரர், நினைவுக்கு வரமாட்டார். ஆனால் பாகிஸ்தானின் முதல் அரசியல் நிர்ணய சபையில் எதிர்க்கட்சி என்று ஏதாவது இருந்தது என்றால் அது பெரும்பாலும் இவர்கள்தான்: கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த காங்கிரஸ் உறுப்பினர்கள். நாடு பிரிந்தபோது ‘பாகிஸ்தான் தேசிய காங்கிரஸ்’ என்று பெயரை மாற்றிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தவர்கள்.

தத்தா 1886 நவம்பர் 2 அன்று, இன்றைய பங்களாதேஷின் பிராமன்பாரியா அருகே ராம்ரைல் என்ற கிராமத்தில் பிறந்தார். அப்பா முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தார், அதாவது கோர்ட் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற தலைமைக் குமாஸ்தா. இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். சிரஸ்தார் வீட்டுப் பிள்ளைக்கு அரசாங்கம் என்றால் முதலில் காகிதம்தான். மனு, முத்திரைத்தாள், நகல், வாய்தா. இவர் கல்கத்தா ரிப்பன் கல்லூரியில் படித்து, சட்டம் முடித்து, கொஞ்ச காலம் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்துவிட்டு, 1911 வாக்கில் கொமில்லாவில் வக்கீலாகப் பலகை மாட்டினார். டாக்காவுக்குப் போகவில்லை, கல்கத்தாவிலும் தங்கவில்லை. கடைசிவரை கொமில்லாதான்.

ஒத்துழையாமை இயக்கம், காந்திய வழியில் ஒரு தொண்டு அமைப்பு, 1942-இல் சிறை என்று அந்தக் காலத்துக் காங்கிரஸ்காரருக்கு வழக்கமாக இருப்பதெல்லாம் இவருக்கும் உண்டு. அதை வேகமாகக் கடந்துவிடலாம். நான் நின்றுவிட்ட இடம் வேறு. 1937-இல் வங்காளச் சட்டமன்றத்துக்குப் போனதும் இவர் எதில் மெனக்கெட்டார் என்று பார்த்தேன். விவசாயக் கடன் சட்டத் திருத்தம், குத்தகைச் சட்டத் திருத்தம், 1940-ஆம் வருட லேவாதேவிக்காரர் சட்டம்.

கிழக்கு வங்காளத்தின் சணல் விவசாயிகளை முப்பதுகளின் விலைவீழ்ச்சி அடியோடு சாய்த்திருந்தது. கடன்காரன் கையில் பத்திரம் இருக்கும், விவசாயிக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. வட்டி முதலைத் தாண்டியிருக்கும். கிராமத்துக்கு கிராமம் கடன் சமரச வாரியம் வைத்து, உட்கார்ந்து கணக்குப் பார்த்து, இவ்வளவுதான் பாக்கி, இத்தனை தவணையில் கட்டு என்று தீர்க்கிற ஏற்பாடு அப்போது நடந்துகொண்டிருந்தது. வங்காளத்தில் அதை ‘ரிண் சாலிசி போர்டு’ என்பார்கள். கடன் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் இந்து, கடன்பட்டவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம். இந்த இடத்தில் ஓர் இந்து வக்கீல் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது சின்ன விஷயம் இல்லை. காங்கிரஸுக்குள்ளேயே அதற்கு முகம் சுளித்தவர்கள் உண்டு.

சரி, 1947-க்கு வருவோம்.

பிரிவினையை இவர் விரும்பவில்லை. ஆனால் கோடு விழுந்து கொமில்லா அந்தப் பக்கம் போனதும், பெட்டி கட்டவில்லை. சேர்ந்து இருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். சபையில் காங்கிரஸ் தலைவராக இருந்த கிரண் சங்கர் ராய் இந்தியாவுக்கு வந்து மேற்கு வங்காளத்தில் மந்திரி ஆனார். 1947 ஆகஸ்டில் பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபை முதன்முதலாகக் கூடியபோது தற்காலிகத் தலைவராக அமர்ந்து நடத்தியவர், அப்புறம் சட்ட மந்திரியானவர், ஜோகேந்திரநாத் மண்டல். அவரும் 1950-இல் ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டுக் கல்கத்தா போய்விட்டார். அந்தக் கடிதத்தை வாசித்தால் அவர்மேல் குறை சொல்ல மனம் வராது. அவ்வளவு அடிபட்டிருந்தார்கள் அவருடைய தலித் மக்கள். தத்தா போகவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் கொமில்லாவிலிருந்து திரிபுரா எல்லை கூப்பிடு தூரம்.

இப்போது அந்த பிப்ரவரி 25.

சபையின் 29-ஆம் விதி, உறுப்பினர்கள் உருதுவிலோ ஆங்கிலத்திலோ பேசவேண்டும் என்றது. ‘ஆங்கிலம்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘அல்லது வங்காளம்’ என்று சேர்க்கவேண்டும் என்பது தத்தாவின் திருத்தம். எழுந்ததும் முதலில் அவர் சொன்னது, குறுகிய மாகாண வெறியில் இதைக் கொண்டுவரவில்லை என்பதுதான். பிறகு கணக்கைச் சொன்னார். இந்த நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 90 லட்சம். அதில் 4 கோடியே 40 லட்சம் பேர் பேசுவது வங்காளம். பெரும்பாலோர் பேசுகிற மொழி எப்படி மாகாண மொழி ஆகும்?

இந்தக் கணக்கை யார் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். ஓர் ஏழை விவசாயி. மகன் டாக்கா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனுக்குப் பணம் அனுப்ப ஊர் தபாலாபீஸுக்குப் போகிறான். மணியார்டர் பாரம் கேட்கிறான். கொடுக்கிறார்கள். அதில் அச்சடித்திருப்பது உருது. அவனால் அதை நிரப்ப முடியாது. எங்கோ இருக்கிற டவுனுக்கு ஓடி, யாரையாவது பிடித்து மொழிபெயர்த்துக்கொண்டு வந்தபிறகுதான் பையனுக்குப் பணம் போகும்.

அடுத்தது முத்திரைத்தாள். ஒரு விவசாயி துண்டு நிலம் விற்கிறான் அல்லது வாங்குகிறான். ஸ்டாம்ப் வெண்டரிடம் காசைக் கொடுத்துத் தாளை வாங்குகிறான். தாளின் மதிப்பு உருதுவிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருக்கிறது. கொடுத்த காசுக்கு உண்டான தாள்தானா கையில் இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? சாமானியன் படுகிற கஷ்டம் இதுதான் ஐயா என்கிறார் தத்தா.

கோர்ட் வாசலில் முப்பது நாற்பது வருடம் நின்றவருக்குத்தான் இந்த இரண்டு உதாரணங்களும் தோன்றும். மொழியைப் பற்றி உணர்ச்சி பொங்கப் பேச அவருக்கு வழி இல்லாமல் இல்லை. தாகூரை இழுத்திருக்கலாம், ஆயிரம் வருட இலக்கியத்தை இழுத்திருக்கலாம். அவர் பேசியது ஸ்டாம்ப் வெண்டர் விவசாயியை ஏமாற்றுவதைப் பற்றி. முன்பு கடன்பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கைநாட்டு வைத்த அதே ஆள்தான் இப்போது மணியார்டர் பாரத்தோடு முழிக்கிறான். முன்பு காகிதம் லேவாதேவிக்காரனுடையது, இப்போது சொந்த அரசாங்கத்தினுடையது.

இதற்குப் பிரதமர் லியாகத் அலி கான் சொன்ன பதில் வேறு உயரத்திலிருந்து வந்தது. இந்தத் துணைக்கண்டத்தின் பத்துக் கோடி முஸ்லிம்கள் கேட்டதால் உண்டானது பாகிஸ்தான், அந்தப் பத்துக் கோடிப் பேரின் மொழி உருது, பாகிஸ்தான் ஒரு முஸ்லிம் நாடு, அதன் பொது மொழி முஸ்லிம் தேசத்தின் மொழியாகத்தான் இருக்கவேண்டும் என்றார். திருத்தம் முதலில் வெகுளித்தனமாகத் தெரிந்தது, இப்போது பார்த்தால் மக்களுக்குள் பிளவு உண்டாக்கும் நோக்கம் தெரிகிறது என்கிற தொனியும் அதில் இருந்தது. பாகிஸ்தானில் உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பதைச் சேர்த்து வைத்துப் படித்தால் அந்தப் பதிலின் விசித்திரம் விளங்கும். மணியார்டர் பாரத்தைப் பற்றி மட்டும் பதிலே இல்லை.

கிழக்கு வங்காள முதல்வர் காஜா நஜிமுதீன் எழுந்து, எங்கள் மாகாணத்துப் பெரும்பாலோர் உருதுவைத்தான் ஏற்கிறார்கள் என்றார். டாக்கா நவாப் குடும்பத்துக்காரர், வீட்டில் பேசுவது உருது. அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும் போல. தத்தாவுக்குத் துணையாகப் பேசியவர்கள் பிரேம்ஹரி பர்மா, பூபேந்திர குமார் தத்தா, ஸ்ரீஸ் சந்திர சட்டோபாத்யாய். எல்லாரும் காங்கிரஸ், எல்லாரும் இந்துக்கள். இதில் சட்டோபாத்யாய், இது மக்களின் நாடு, முஸ்லிம்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவான நாடு என்று இதுவரை நினைத்திருந்தோமே, பிரதமர் இப்படிச் சொன்னால் நாங்கள் யோசிக்கவேண்டியிருக்கிறது என்று கேட்டார். முஸ்லிம் லீகைச் சேர்ந்த வங்காளிகள் கைகொடுக்கவில்லை. குரல் வாக்கெடுப்பில் திருத்தம் தோற்றது.

ஒரு வேடிக்கை கவனித்தேன். வங்காளத்துக்காக வாதாடியவர் பேசியது ஆங்கிலத்தில். உருதுவுக்காக எழுந்த பிரதமரும் ஆங்கிலத்தில்தான். அடுத்த மாதம் டாக்காவில் பெருங்கூட்டத்துக்கு முன்னால் ‘உருது மட்டுமே’ என்று அறிவித்த ஜின்னாவும் அதை அறிவித்தது ஆங்கிலத்தில்.

சபைக்குள் தோற்ற திருத்தம் வெளியே வேலை செய்தது. செய்தி டாக்கா போனதும் மறுநாளே மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். மார்ச் 11 அன்று பெரிய வேலைநிறுத்தம். கைதானவர்களில் ஷேக் முஜிபுர் ரஹ்மான் என்ற இளைஞரும் ஒருவர். ஜின்னா வருகிற நேரத்தில் ஊர் கலவரமாக இருக்கக்கூடாது என்று நஜிமுதீன் மாணவர்களோடு உட்கார்ந்து எட்டு அம்ச ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஜின்னா வந்து பேசிவிட்டுப் போனதும் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இல்லாமல் போனது. ஏப்ரலில் மாகாணச் சட்டமன்றத்தில் வங்காளத்தை மாகாண ஆட்சிமொழியாக்குவதாக மட்டும் நஜிமுதீன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தத்தா விடவில்லை. நாட்டின் மொழிகளில் ஒன்றாகவும் ஆக்கவேண்டும் என்று அதற்கும் ஒரு திருத்தம் கொடுத்தார். அதுவும் தோற்றது. இந்த மனிதர் தோற்ற திருத்தங்களை மட்டும் தொகுத்தாலே ஒரு நல்ல புத்தகம் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரியும். 1952 ஜனவரியில் அதே நஜிமுதீன், இப்போது பிரதமராக, மறுபடி உருது மட்டுமே என்றார். பிப்ரவரி 21 அன்று டாக்காவில் துப்பாக்கிச் சூடு. பர்கத், ரஃபீக், ஜப்பார், சலாம் என்று உயிர்கள் போயின. 1954 தேர்தலில் முஸ்லிம் லீகைக் கிழக்கு வங்காளம் துடைத்து எறிந்தது. 1956 அரசியல் சட்டத்தின் 214-ஆவது பிரிவு, பாகிஸ்தானின் அரசு மொழிகள் உருதுவும் வங்காளமும் என்றது. எட்டு வருடம் முன்னால் விதிப்புத்தகத்தில் நுழைய முடியாத மொழி அரசியல் சட்டத்திலேயே நுழைந்தது. நோட்டிலும் தபால்தலையிலும் அந்த மூன்றாவது எழுத்து ஏறியது.

தத்தா அந்த வெற்றியைப் பார்த்தார். 1956 முதல் 1958 வரை அதாவுர் ரஹ்மான் கானின் மாகாண அமைச்சரவையில் சுகாதார மந்திரியாகவும் இருந்தார். 1954-இல் மாகாண அரசைக் கலைத்து கவர்னர் ஆட்சி வந்தபோது அதை எதிர்த்து கராச்சியில் ஒத்திவைப்புத் தீர்மானம் கொடுத்ததும் அவர்தான். 1958-இல் அயூப் கான் ராணுவ ஆட்சி வந்தது. அரசியல்வாதிகளைத் தேர்தலில் நிற்கத் தகுதியில்லாதவர்கள் என்று ஒதுக்குகிற எப்டோ சட்டம் 1960-இல் இவர்மேலும் பாய்ந்தது. 1965 இந்தியப் போரின்போது வீட்டுக் காவல். எழுபத்தெட்டு வயதுக்காரர். நாட்டை விட்டுப் போகாத மனிதரை எதிரி நாட்டு ஆள் போலப் பூட்டி வைத்தார்கள். அதன்பிறகு அவர் அரசியலில் தலைகாட்டவில்லை. கொமில்லாவில் தர்மசாகர் என்ற பெரிய குளத்தின் கரையில் வீடு. அங்கேயே இருந்தார்.

அங்கேதான் 1971-இல் தேடி வந்தார்கள். மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் இறங்கிய நான்கு நாளில், மார்ச் 29 அன்று, அவரையும் மகன் திலீப் குமாரையும் கொமில்லா வீட்டிலிருந்து பிடித்து மைனாமதி கண்டோன்மெண்டுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு. தேர்தலில் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இருபத்து மூன்று வருடம் முந்தைய ஒரு திருத்தத்தை யாரோ பட்டியலில் மறக்காமல் வைத்திருந்தார்கள்.

கண்டோன்மெண்டுக்குள் அவரைக் கடைசியாகப் பார்த்தவர்களில் ஒருவர் அங்கே சிப்பாய்களுக்கு முடிவெட்டிக்கொண்டிருந்தவர். போர் முடிந்தபிறகு அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. உடம்பெல்லாம் காயத்துக்குக் கட்டு. எழுந்து நடக்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போக வழி கேட்டுக்கொண்டு, கையை ஊன்றித் தவழ்ந்து வந்தார். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த தீரேன் பாபு அது. முடிவெட்டுபவர் அழுதிருக்கிறார். வேறு ஒன்றும் செய்ய அவரால் முடியாது. அப்பாவின் உடலும் மகனின் உடலும் கிடைக்கவே இல்லை.

கொமில்லா விளையாட்டு மைதானத்துக்கு இன்று அவர் பெயர். பேத்தி ஆரோமா தத்தா பங்களாதேஷ் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். பிப்ரவரி 21-ஐ யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக 1999-இல் அறிவித்ததால் வருடத்துக்கு ஒரு முறையாவது நம் ஊர் இதழ்களிலும் டாக்கா துப்பாக்கிச் சூடு பற்றி ஒரு பத்தி வருகிறது. அதில் இவர் பெயர் வருவது அபூர்வம். பாகிஸ்தானில் நினைவுகூர அவர்களுக்குக் காரணம் இல்லை. இந்தியாவிலோ, இங்கே வராத மனிதரை எதற்கு நினைப்பது?

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். 1948-இல் கராச்சியில் அந்தத் திருத்தம் தோற்றபிறகு அவர் டாக்கா திரும்பிய நாள். பங்களாதேஷில் இன்றும் சொல்கிற கதை இது. பிரதமர் பிளவு உண்டாக்குபவர் என்ற தொனியில் பேசியாயிற்று, செய்தித்தாள்களில் வந்தாயிற்று. தேஜ்காவ் விமான நிலையத்தில் அப்போது பெரிய பாதுகாப்பு எதுவும் கிடையாது. விமானத்திலிருந்து இறங்கி நடக்கும்போது, நாற்பது ஐம்பது இளைஞர்கள் கூட்டமாக நிற்பது தெரிகிறது. எல்லார் மேலும் போர்வை. பிப்ரவரி கடைசி, பனி இன்னும் போகவில்லை. ஆனால் போர்வைக்குள் கையில் எதையோ பிடித்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெரிகிறது. அடிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று நினைத்தார். திரும்பிப் போகவும் இடம் இல்லை. மெதுவாக அவர்களை நோக்கி நடந்தார். பக்கத்தில் வந்ததும் போர்வைகள் விலகின. பல்கலைக்கழகத்துப் பையன்கள். கைநிறையப் பூ வைத்திருந்தார்கள். அதை அவர் தலையில் கொட்டினார்கள்.